பாதிக் கம்பத்தில் கொடி

அந்த வீட்டை விற்கவிடுவதில்லை என்று அஸ்முஸ் சபதம் எடுத்தபோது அவர் கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி இருந்தது. எதிரே மனைவி ஹெல்விக் இருந்தாள். ஆகவே சபதத்தை மனதுக்குள்ளேயே எடுத்தார்.

வெளியே மழை. ரேவ்பொல் கிராமத்தில் அக்டோபரில் பிடித்த மழை மார்ச்சிலும் விடவில்லை. கடையை மூடிவிட்டார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பாதிரியார் மாதம் ஒருமுறை வந்து, இருக்கிற நான்கு பேரையும் ஆசீர்வதித்துவிட்டு, யாராவது பேச்சுக் கொடுப்பதற்குள் காரில் ஏறிவிடுவார். ஊரில் இன்னும் போகாமல் இருப்பது மழைதான் என்று பக்கத்து வீட்டு மொம்மே சொல்வார்.

"மாசக் கடைசி வியாழக்கிழமை தரகர் ஆளுங்களக் கூட்டிட்டு வர்றார்," என்றாள் ஹெல்விக்.

"யாரை?"

"வாங்குறவங்கள."

"எதை?"

"உன்னை இல்ல. பயப்படாத. உன்னை யாரு வாங்குவா? வீட்டை."

"இந்த மழையில எவன் வருவான்?"

"மழையோட சேத்துத்தான் விக்கிறேன்."

அஸ்முஸ் ஒரு உருளைக்கிழங்கைச் சீவினார். சீவிக்கொண்டே இருந்தார். அது கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகுதான் கவனித்தார்.

"ஹெல்விக், நான் இங்கதான் பொறந்தேன்."

"தெரியும். அதுக்காக இங்கயேதான் நான் சாகணுமா?"

"இப்ப சாவுப் பேச்சு எதுக்கு?"

"போன வருஷம் ஜனவரியில அந்த ஐஸ்ல வழுக்கி விழுந்து, இடுப்பு உடைஞ்சு, வாளியும் நானுமா கிடந்தேனே, அப்ப நீ எங்க இருந்த?"

"கொட்டகையில... ரேடியோ சத்தத்துல கேக்கல..."

"எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? நாய் கூடக் குரைக்கல. நாயே இல்லையே இந்த ஊர்ல. கடைசியா நீ வெளிய வந்து, என்னைப் பாத்து, முதல் வார்த்தை என்ன கேட்ட?"

அஸ்முஸ் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தார். அவர் கேட்டது 'காபி ஆயிடுச்சா?' என்று.

"ஓபென்ரோ டவுன்ல அக்கா வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் காலியா இருக்கு. சுவத்தைத் தட்டினா அந்தப் பக்கத்துல ஒரு மனுஷக் குரல் கேக்கும். எனக்கு அது போதும்."

இதற்கு மேல் பேசினால் இன்னொரு உருளைக்கிழங்கும் வீணாகும் என்று அஸ்முஸ் வாயை மூடிக்கொண்டார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் எல்லையிலிருந்து வரும் சாலை அவர்கள் வாசல் வழியாகத்தான் வடக்கே போகிறது. வாசலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு பள்ளம். நாற்பதாம் வருஷம் ஏப்ரல் ஒன்பதாம் தேதி, ஜெர்மன் படை எல்லையைத் தாண்டிய விடியற்காலை, அஸ்முஸின் அப்பா இன்னும் சில பையன்களோடு அந்தப் பள்ளத்தில் துப்பாக்கியோடு படுத்திருந்தார். எல்லோரும் சைக்கிள் படைக்காரர்கள். எதிரே டாங்கிகள். இவர்களிடம் சைக்கிள் மணி இருந்தது. சுட்டார்கள், பின்வாங்கினார்கள், மறுபடி சுட்டார்கள். அப்பாவுக்கு அடுத்துப் படுத்திருந்த லாவுஸ்ட் என்ற பையன் எழுந்திருக்கவே இல்லை. பிறகுதான் சேதி வந்தது: சண்டையை நிறுத்து, தலைநகரம் பணிந்துவிட்டது. எப்போது பணிந்தது என்று அப்பா விசாரித்தார். லாவுஸ்ட் விழுவதற்கு முன்பே.

போர் முடிந்ததும் அப்பா அந்தப் பள்ளத்துக்கு எதிரே இருந்த வீட்டையே வாங்கினார். தோட்டத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டார். ஒவ்வொரு ஏப்ரல் ஒன்பதுக்கும் காலையில் கொடியைப் பாதிக் கம்பத்தில் நிறுத்தி, நண்பகல் மணியடித்து இரண்டு நிமிஷம் தலைகுனிந்த பிறகு உச்சிக்கு ஏற்றுவார். நாடு முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நாடு முழுக்கப் பேர்களுக்குச் செய்வதை அப்பா ஒரு முகத்துக்குச் செய்தார். அப்பாவுக்குப் பிறகு அஸ்முஸ். ஓபென்ரோ ஃப்ளாட்டில் இருப்பது ஒரு பால்கனி. பால்கனியில் ஒரு ஜெரேனியம் தொட்டி வைக்கலாம். அதைப் பாதி உயரத்தில் நிறுத்த முடியாது.

எதிரணியில் ஹெல்விக், ஹெல்விக்கின் அக்கா, ஓடென்ஸேயில் இருக்கும் மகள், தரகர் என்று நான்கு பேர். இந்தப் பக்கம் அஸ்முஸ் மட்டும், கொட்டகையில் ஒரு பழைய பட்டாளத்துச் சைக்கிளோடு. அப்பாவுக்கு இருந்த பலம்தான் மகனுக்கும்.

*

உதவி வானத்திலிருந்து வந்தது. அதாவது தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து.

அந்த வாரமே ஒரு நாள் கொட்டகைக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு தாடிக்காரர் நின்றார். பெயர் தோர்கில். சினிமாக் கம்பெனிக்கு இடம் பார்க்கிறவராம்.

"ஒரு போர்ப் படம் எடுக்கிறோம், பெரியவரே. அந்த ஏப்ரல் காலையைப் பத்தி. கையளவு சைக்கிள் வீரர்கள், எதிர்ல ஒரு பெரும்படை. சாலையோரமா ஒரு பழைய வீடு வேணும். முன்னால ஒரு பள்ளம் இருந்தா ரொம்ப நல்லது."

அஸ்முஸ் சைக்கிள் சங்கிலியைக் கீழே வைத்தார்.

"வீட்டை என்ன பண்ணுவீங்க?"

"முன்பக்க ஜன்னல் எல்லாத்தையும் உடைப்போம். சுவர்ல குண்டு பட்ட மாதிரி ஓட்டை போடுவோம். புகை, கரி. ஒண்ணும் கவலைப்படாதீங்க, படம் முடிஞ்சதும் எல்லாத்தையும்..."

மீதியை அஸ்முஸ் கேட்கவில்லை. 'ஓட்டை' என்ற இடத்திலேயே அவர் மூளையில் விளக்கு எரிந்துவிட்டது. ஓட்டை விழுந்த வீட்டை எந்த மடையன் வாங்குவான்?

"என்னைக்கு வேணும்?"

"உங்களுக்கு எந்த நாள் சௌகரியம்?"

"மாசக் கடைசி வியாழக்கிழமை," என்றார் அஸ்முஸ், கொஞ்சம் அவசரமாக.

"ஆகட்டும். உங்க மனைவிகிட்ட ஒரு வார்த்தை..."

"அவகிட்ட மூச்சு விடக்கூடாது!"

தோர்கில் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டார். தாடியிலிருந்து சில கறுப்புத் துணுக்குகள் உதிர்ந்தன. நகரத்துக்காரர்களுக்குக் குளிக்க நேரம் கிடைப்பதில்லை என்று அஸ்முஸ் இரக்கப்பட்டார்.

"எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு. நானும் படத்துல வரணும். சிப்பாயா."

"பெரியவரே, அந்த வீரர்களுக்கெல்லாம் இருபது வயசு."

"என் முகத்துக்கு அறுபத்தெட்டு. ஒத்துக்கிறேன். முதுகுக்கு?"

அஸ்முஸ் திரும்பிக் காட்டினார். முப்பது வருஷம் பால் வண்டி ஓட்டிய முதுகு. தோர்கில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"பிணமாப் படுப்பீங்களா? குப்புற?"

"யாரோட பிணம்?"

"முதல்ல விழுற பையன். அவனுக்குப் பேர் வைக்கல."

அஸ்முஸ் பள்ளத்தின் பக்கம் திரும்பினார். "அவனுக்குப் பேர் இருக்கு," என்றார்.

*

வெற்றி நிச்சயம் என்று தெரிந்த மனிதனுக்கு வாயைக் கட்ட முடியாது. மறுநாள் சமையலறையில் மொம்மே காபி குடித்துக்கொண்டிருந்தபோது அஸ்முஸ் மேஜையைத் தட்டினார்.

"மொம்மே, நீ சாட்சி. ஹெல்விக், கேட்டுக்க. அந்த வியாழக்கிழமைக்கு அப்புறமும், நீ சொல்ற விலையில ஒரு குரோன் குறைக்காம எவனாவது இந்த வீட்டை எடுத்துக்கிறேன்னு சொன்னா, நானே கையெழுத்து போடுறேன். மறு பேச்சு கிடையாது."

"மறு பேச்சு இல்லாமலா? நீயா?"

"ஒரு சொல்னா ஒரு சொல்."

"மொம்மே, கேட்டீங்கள்ல?"

"கேட்டேன்," என்றார் மொம்மே வருத்தத்தோடு. அவர் நாற்பது வருஷமாக மனைவியோடு வாழ்ந்து, ஐந்து வருஷமாக மனைவி இல்லாமல் வாழ்கிறவர். ஒரு மனிதன் தன் கால்சட்டைக்குத் தானே தீ வைப்பதை அவரால் தூரத்திலிருந்தே அடையாளம் காண முடியும். ஆனால் அவர் காபியின் மேல் ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு யார் காபி கொடுக்கிறார்கள்?

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அஸ்முஸ் விஷயத்தை உடைத்தார். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கதவுப் பக்கமாக நின்றுகொண்டுதான் சொன்னார்.

"சினிமாவா?" என்றாள் ஹெல்விக். "ஜன்னலை உடைப்பாங்களா?"

"எல்லாத்தையும்."

"பின்பக்கமுமா?"

"இல்ல. முன்பக்கம் மட்டும்."

"சமையலறை ஜன்னலு? அந்த உளுத்துப்போனதையா?"

"அதைத்தான் முதல்ல."

"ஐயோ பாவம்," என்றாள் ஹெல்விக். மாவு டின்னைத் திறந்தாள்.

இரண்டு நாளும் அடுப்பு அணையவில்லை. எங்கள் பக்கத்தில் காபி விருந்து என்றால் மெத்தென்று ஏழு வகை கேக், மொறுமொறுவென்று ஏழு வகை. பதினான்கு வகையையும் விருந்தாளி ருசி பார்த்தாக வேண்டும். ஒன்றைத் தள்ளினாலும் வீட்டுக்காரிக்கு அவமானம். கல்யாணத்துக்குப் போடுவார்கள். சாவுக்குப் போடுவார்கள். துக்கத்தில் பெண்கள் ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள் என்று அஸ்முஸ் நினைத்துக்கொண்டார். வீட்டை விற்க முடியாத துக்கம். அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

*

வியாழக்கிழமை. மழை விட்டுப் பனிமூட்டம் பிடித்திருந்தது. போருக்குத் தகுந்த வானிலை. சாலையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். தகரத்தால் செய்த டாங்கிகள் உண்மையானவற்றைவிடச் சத்தமாக உறுமின.

அஸ்முஸ் சீருடை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். அங்கே ஒரு கடைசி வேலை பாக்கி இருந்தது. சாலை அடைத்திருப்பதால் தரகர் கூட்டிவரும் ஆட்கள் வயல் பாதை வழியாக, தோட்டத்துக்குள்தான் வந்தாக வேண்டும். வந்ததும் கண்ணில் படுவது கொடிக்கம்பம். அவர் கொடியை முறைப்படி உச்சி வரை ஏற்றி, பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்கிக் கட்டினார். வீட்டுத் தோட்டத்தில் பாதிக் கம்பத்தில் கொடி பறந்தால் அந்த வீட்டில் ஒரு பிணம் இருக்கிறது என்று அர்த்தம். அடக்கம் முடிந்த பிறகுதான் கொடி மேலே போகும். இந்த நாட்டில் தவழும் குழந்தைக்கும் இது தெரியும். முன்னால் குண்டு துளைத்த சுவர், பின்னால் சாவு வீடு. வருகிறவன் காரை விட்டே இறங்க மாட்டான்.

பொய்தான். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. இன்னும் அரை மணியில் அவர் பிணமாகப் போகிறவர்தானே.

இயக்குநர் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணி. காமிராவை வீட்டுப் படிக்கட்டில், சாலையைப் பார்த்த மாதிரி நிறுத்தியிருந்தார். முதலில் ஜன்னல்களை உடைத்தார்கள். சமையலறை ஜன்னல் உடைவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. தொட்டதும் உதிர்ந்தது.

"பிணங்களுக்கு ஒரு வார்த்தை," என்றார் அந்த அம்மா. "செத்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவுலயும் நகரக் கூடாது. ஒரு கை இடம் மாறினாலும் எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடுக்கணும். வெளிச்சம் போயிடும். புரிஞ்சுதா?"

பிணங்கள் தலையாட்டின.

அஸ்முஸ் சமையலறைக்கு நேரே, பள்ளத்தில் விழுந்தார். அவர் மேலே கொட்டகையில் இருந்த பட்டாளத்துச் சைக்கிளையே சாய்த்தார்கள். கைப்பிடி விலா எலும்பில் குத்தியது. முழங்கை வரை சேறு. சேறு குளிர்ந்து, குளிர் எலும்புக்குள் இறங்கி, எலும்பு மரத்து, பிறகு மரத்ததும் வலிக்க ஆரம்பித்தது. டாங்கி வந்தது. பின்னால் போனது. மறுபடி வந்தது. பையன்கள் கத்திக்கொண்டே அவரைத் தாண்டி ஓடினார்கள். யாரும் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று உத்தரவு.

இப்படித்தான் அவளும் கிடந்திருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அஸ்முஸ் அதைத் தள்ளிவிட்டார். திரும்ப வந்தது. படுத்துக்கிடக்கிறவனால் எதைத் தள்ள முடியும்?

அப்போது மேலே, உடைந்த ஜன்னல் வழியாக, மொம்மேயின் குரல் கேட்டது.

"ஹெல்விக்... கொடியைப் பாத்தேன். வயல்ல அப்படியே போட்டுட்டு ஓடி வரேன். யாரு?"

"அஸ்முஸ்தான்."

"கடவுளே! எப்ப?"

"காலையில சுட்டாங்க."

"சுட்டாங்களா!"

"மூணு தடவை. மூணாவது தடவைக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, சைக்கிளுக்கு அடியில."

 மொம்மே தொப்பியைக் கழற்றியிருப்பார். கழற்றிய பிறகு எதற்காகக் கழற்றினோம் என்று அவருக்குக் குழப்பம் வந்திருக்க வேண்டும்.

"அசையுறாரே."

"அது குளிர்ல. உக்காருங்க. கேக் எடுத்துக்கங்க. எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு."

அஸ்முஸுக்குப் பல்லைக் கடிக்கக்கூட அனுமதி இல்லை. தோட்டத்துப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள். திரும்பிப் போவார்கள் என்று காத்திருந்தார். கார் கிளம்பவில்லை. காலடிகள் வீட்டுக்குள் நுழைந்தன. மெதுவான, மரியாதையான காலடிகள்.

"திருமதி ஹெல்விக்..." ஒரு ஆணின் குரல். எல்லைக்கு அந்தப் பக்கத்து உச்சரிப்பு. ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க்காரர். "கொடியைப் பாத்தோம். எங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"உக்காருங்க, ஹார்ம்ஸ். நீங்களும் உக்காருங்க, ஃப்ராவுக்கே. காபி ஆறுது."

"உங்க வீட்டுக்காரரா?" என்றது ஹார்ம்ஸ் மனைவியின் குரல்.

ஹெல்விக் மூக்கை உறிஞ்சினாள். வெளியே அப்போதுதான் புகை போட்டிருந்தார்கள்.

"நாங்க இன்னொரு நாளைக்கு வரோமே," என்றார் ஹார்ம்ஸ்.

"வேண்டாம். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. இது கறுப்பு ரொட்டித் தூள்ல செஞ்ச அடுக்கு கேக். இந்த வட்டாரத்துல நான் ஒருத்திதான் இப்படிச் செய்வேன். தூள் கொஞ்சம் தாடியில ஒட்டும், பாத்துக்கங்க."

பள்ளத்தில் பிணத்தின் ஒரு கண் திறந்தது. கறுப்புத் தூள். தாடி. தோர்கில்.

அந்தக் கண் மூடுவதற்குள் டாங்கி ஒன்று குண்டு போட்டது. நடுவில் சில பேச்சுகள் புகையில் போயின. மிச்சம் கேட்டது.

"...ஜன்னலுக்காகக் கொஞ்சம் குறைங்கன்னு கேட்டேனே, அதை மறந்துடுங்க," என்றார் ஹார்ம்ஸ். "இப்படி ஒரு நாள்ல நான் விலை பேசினா அது மனுஷத்தனம் இல்ல. நீங்க சொன்னதே விலை. ஒரு குரோன் குறைய வேண்டாம்."

"உங்க மனசு," என்றாள் ஹெல்விக்.

அஸ்முஸின் நெஞ்சு படபடத்தது. சைக்கிள் மணி லேசாகக் கிணுங்கியது. வீட்டை விற்கவிடாமல் செய்ய அவர் ஏற்றிய கொடியே விலையை நிறுத்திப் பிடித்துவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கயிறு இழுத்து, முறைப்படி உச்சிக்கு ஏற்றி இறக்கி வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

இன்னும் பேரத்துக்குக் கை கொடுக்கவில்லை. கை கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்குள் எழுந்து, நாலே எட்டில் ஜன்னலுக்குப் போய், சேறு வழியும் முகத்தைக் காட்டி, "நான் உயிரோடதான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். எழ வேண்டியதுதான். அவர் கையை ஊன்றப் போனார்.

சரியாக அந்த நேரத்தில் அவர் தலைக்கு மேலே இரண்டு ஜோடி பூட்ஸ்கள் வந்து நின்றன. படத்தின் கடைசிக் காட்சி. அதிகாரியாக நடித்தவர் சொன்னார்:

"நிறுத்தச் சொல்லி உத்தரவு. தலைநகரம் பணிஞ்சிடுச்சாம்."

"எப்ப?" என்றான் பையன்.

"விடியறப்பவே."

பையனின் பூட்ஸ் பள்ளத்தின் பக்கம் திரும்பியது. பிறகு, "அப்ப இவன்?" என்றான்.

அவன் விரல் தன் முதுகைக் காட்டுகிறது என்று அஸ்முஸுக்குப் பார்க்காமலே தெரிந்தது. அப்பா இதே இடத்தில் நின்று இதையேதான் கேட்டிருப்பார். அப்பாவுக்கும் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். சமையலறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எழுந்தால் வீடு மிஞ்சும். எழுந்தால் லாவுஸ்டின் காட்சி கெட்டுப்போகும். வெளிச்சம் போய்விடும். இந்தப் பையன் இந்தக் கேள்வியை இதே மாதிரி இன்னொரு முறை கேட்க மாட்டான்.

அஸ்முஸ் எழவில்லை.

"கட்!" என்றார் இயக்குநர். "நடுவுல இருக்கிற பிணத்தோட தோள் குலுங்குது. யாரது? அழுவுறாரா? பிணம் அழக் கூடாது, ஐயா. திரும்பவும் எடுப்போம்."

திரும்பவும் எடுத்தார்கள். ஐந்து முறை. ஐந்து முறையும் தலைநகரம் பணிந்தது. ஐந்தாவது முறை பிணம் அசையவில்லை.

அதன் பிறகு பள்ளத்தின் ஓரத்தில் மூன்று ஜோடிக் காலணிகள் வந்து நின்றன. அதில் ஒன்றை அவர் முப்பத்தொன்பது வருஷமாக அறிவார்.

"இவர்தான் என் வீட்டுக்காரர்," என்றாள் ஹெல்விக்.

ஹார்ம்ஸ் திடுக்கிட்டு, பிறகு புரிந்துகொண்டு, கடைசியில் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போயிருக்கலாம். பதினான்கு கேக் சாப்பிட்ட மனிதனுக்குக் கோபம் வர இடமில்லை.

"ரொம்ப அமைதியான மனுஷரா இருக்காரே," என்றாள் ஃப்ராவுக்கே.

"இன்னைக்குத்தான்," என்றாள் ஹெல்விக்.

*

இருட்டத் தொடங்கியதும் பிணங்களை விடுவித்தார்கள். இரண்டு பையன்கள் அஸ்முஸைத் தூக்கி நிறுத்தினார்கள். முதுகு நேராகவில்லை. அப்படியே வளைந்த மாதிரி தோட்டத்துக்குப் போய்க் கொடியை இறக்கி மடித்தார். பிறகு சமையலறைக்கு வந்தார். முன்பக்கம் முழுக்கக் காற்று. கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் புது ஜன்னல் வருமாம். ஓக் மரம். சுவருக்கு வெள்ளையும் அடித்துக் கொடுப்பார்களாம். படம் முடிந்ததும் எல்லாத்தையும் சரி பண்ணித் தருவோம் என்று தோர்கில் அன்றைக்கே சொன்னாராம். அஸ்முஸ் காதில்தான் ஏறவில்லையாம்.

ஹெல்விக் அவர் தோளில் கம்பளியைப் போட்டாள். பூட்ஸைக் கழற்றினாள். கால் நீலமாக இருந்தது. அதைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள்.

"எவ்வளவு நேரம் கிடந்த?"

"காலையிலேர்ந்து."

"யாராவது குனிஞ்சு பாத்தாங்களா?"

"இல்ல."

ஹெல்விக் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.   பலகையில் ஆணி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தத் தாடிக்காரன் முதல்ல உன்கிட்டதான் வந்தான்," என்றார் அஸ்முஸ் கடைசியில்.

"கதவைத் தட்டினான். மழை. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். வீடு வேணும்னான். நேரா நான் சொன்னா நீ ஒத்துக்க மாட்டியே. அதான் கொட்டகைக்கு அனுப்பினேன். எனக்குத் தெரியாத மாதிரி இருங்கன்னேன்."

"என்னைப் பிணமாப் போட்டதும் நீயா?"

"அது நீயே கேட்டு வாங்கினது. நீ ஓடுவேன்னு பயந்தேன். முட்டி போயிருக்குமே. படுக்கவச்சதுக்கு அந்த ஆளுக்கு இன்னொரு துண்டு கேக் கொடுத்து அனுப்பினேன்."

அஸ்முஸ் மடித்த கொடியை மேஜையில் வைத்தார்.

"ஏப்ரல் ஒன்பதாம் தேதி?"

"இந்த வருஷம் நீ இங்கதான் இருப்ப. அடுத்த வருஷத்துலேர்ந்து வந்து ஏத்திட்டுப் போ. கார்ல இருபது நிமிஷம். உன்னால வர முடியாட்டி ஹார்ம்ஸ் ஏத்துவார். காலையில பாதி, மணியடிச்சப்புறம் உச்சி. எதுக்குன்னு கேட்டார். லாவுஸ்ட் பத்தி சொன்னேன். எழுந்து போய் ஜன்னல் கிட்ட நின்னுட்டார். அப்புறம் கேக் சாப்பிடல கொஞ்ச நேரம்."

ஃப்ளென்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒருவர் லாவுஸ்டுக்குக் கொடி ஏற்றப் போகிறார். அப்பா இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அஸ்முஸ் யோசித்துப் பார்த்தார். அப்பா எதைக் கேட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து ஜன்னல் கிட்டதான் போய் நிற்பார்.

தோற்றாகிவிட்டது. ஆனாலும் தோற்ற படைக்கும் மிஞ்சுகிற ஒன்று உண்டு. அஸ்முஸ் நிமிர முயன்றார். முதுகு விடவில்லை. குனிந்தபடியே சொன்னார்:

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க, ஹெல்விக். எல்லாம் என் காதுல விழுந்துச்சு. நான் எந்திரிச்சிருந்தா நீ கை கொடுத்திருக்கவே முடியாது. எந்திரிக்கத்தான் நினைச்சேன். லாவுஸ்டுக்காக, வீடு போனா போகட்டும்னு, நானாத்தான் கிடந்தேன். நானா விட்டுக்கொடுத்தது இது. நீ ஜெயிச்சது இல்ல."

ஹெல்விக் மீதமிருந்த கடைசி அடுக்கு கேக்கை அவர் தட்டில் வைத்து, அவர் பக்கமாக மெதுவாகத் தள்ளினாள்.

"சாப்பிடு, அஸ்முஸ். கை கொடுத்தது போன செவ்வாய்க்கிழமை. ஜன்னலுக்குக் குறைக்கிறது மட்டும்தான் பாக்கி இருந்துச்சு. இன்னைக்கு அவங்க திரைச்சீலைக்கு அளவெடுக்கத்தான் வந்தாங்க."